மூன்று நீதிபதிகளும் ஒரு கூட்டத்தொடரும்: நாக்பூர் இரண்டாம் தலைநகரான வரலாறு



தலைநகர் பதவியை இழந்த ஊர்களைப் பற்றி நம் வரலாற்று நூல்கள் அதிகம் பேசுவதில்லை. 1956 நவம்பர் 1 என்றால் மொழிவழி மாநிலங்கள் பிறந்த நாள் என்று படித்திருக்கிறோம். அதே நாளில் இந்தியாவில் எத்தனை ஊர்கள் தலைநகர் என்ற தகுதியை இழந்தன என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஆந்திர மாநிலத்தின் கர்நூல், சௌராஷ்டிரத்தின் ராஜ்கோட், கட்சின் புஜ், விந்தியப் பிரதேசத்தின் ரேவா, பெப்சு மாநிலத்தின் பாட்டியாலா, குடகின் மடிக்கேரி, அஜ்மீர், மத்திய பாரதத்தை முறைவைத்து ஆண்ட குவாலியரும் இந்தூரும் எல்லாம் அந்த வரிசையில் வரும். அவற்றுள் பெரியது நாக்பூர். அந்த ஊருக்கு மட்டும் ஒரு வாக்குறுதி கிடைத்தது: ஆண்டுக்கு ஒரு முறையாவது சட்டமன்றம் உன்னிடத்தில் வந்து கூடும் என்ற வாக்குறுதி. அந்த வாக்குறுதியின் கதையைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

நாக்பூரைத் தமிழ்நாட்டார் பெரும்பாலும் வடக்கே போகும் ரயிலில் ஆரஞ்சுப் பழம் வாங்கும் நிலையமாக அறிவோம். நளன் கதை படித்தவர்களுக்கு அது தமயந்தி பிறந்த விதர்ப்ப நாட்டின் பெருநகரம். வரலாற்றில் நமக்கும் அந்த ஊருக்கும் இதைவிட நெருக்கமான தொடர்புகள் உண்டு.

நகரை அமைத்தவர்கள் கோண்டு அரசர்கள். தேவ்கட் அரசர் பக்த் புலந்த் ஷா பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாக் ஆற்றங்கரையில் இருந்த சிற்றூர்களை ஒன்றாக்கி ஊர் கண்டார். அவர் மகன் சாந்த் சுல்தான் தலைநகரை மலைக்கோட்டையான தேவ்கட்டிலிருந்து இங்கே இறக்கினார். அவர் வெட்டிய ஏரி இன்றும் காந்தி சாகர் என்ற பெயரில் நகரின் நடுவே இருக்கிறது. அவருக்குப் பின் எழுந்த வாரிசுச் சண்டையில் உதவிக்கு அழைக்கப்பட்ட மராட்டியத் தளபதி ரகோஜி போன்ஸ்லே, 1743-இல் ஆட்சியைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். இந்த ரகோஜியைத் தமிழகம் அதற்கு முன்பே பார்த்துவிட்டது. 1740-இல் தாமல்செருவுக் கணவாயில் ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலியை வென்று கொன்ற படையும், 1741-இல் திருச்சிராப்பள்ளிக் கோட்டையைப் பிடித்துச் சந்தா சாகிப்பைச் சிறைகொண்டு போன படையும் இவருடையவை.

இன்னொரு தொடர்பு சீதாபுல்டி குன்று. நாக்பூர் ரயில் நிலையத்தை ஒட்டி நிற்கும் கோட்டை அது. 1817 நவம்பர் 26, 27 தேதிகளில் அப்பா சாகிப் போன்ஸ்லேயின் படைக்கும் கும்பினிப் படைக்கும் அங்கே போர் நடந்தது. கும்பினிப் பக்கம் நின்ற காலாட்படையில் பெரும்பகுதி மதராஸ் சிப்பாய்கள். 20ஆம், 24ஆம் ரெஜிமெண்டுகளைச் சேர்ந்தவர்கள். 24ஆம் ரெஜிமெண்ட் என்பது வேறு எதுவும் இல்லை, 1806 வேலூர்ப் புரட்சிக்குப் பின் தண்டனையாகக் கலைக்கப்பட்ட பழைய முதலாம் ரெஜிமெண்டின் மறுபிறப்புத்தான். நாக்பூரில் வென்ற பிறகு அந்தச் சிப்பாய்கள் கேட்டது தங்கள் பழைய எண்ணைத் திருப்பித் தர வேண்டும் என்பதே. தந்தார்கள். வேலூரில் பறிபோன பெயரை மீட்க நம்மவர்கள் நாக்பூரின் சுதந்திரத்தை விலையாகக் கொடுத்தார்கள் என்று சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.

கடைசி அரசர் மூன்றாம் ரகோஜி 1853-இல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். அடுத்த ஆண்டே டல்ஹௌசி நாட்டைச் சேர்த்துக்கொண்டார். 1861-இல் மத்திய மாகாணம் உருவாக்கப்பட்டபோது நாக்பூர் அதன் தலைநகரானது. அதற்குப் பின் வந்த தொண்ணூற்றைந்து ஆண்டுகளில் ஒரு தலைநகருக்கு என்னென்ன வேண்டுமோ அனைத்தும் வந்து சேர்ந்தன. 1867-இல் பம்பாயிலிருந்து ரயில் வந்தது. 1877 ஜனவரி 1 அன்று ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் எம்பிரஸ் ஆலை ஓடத் தொடங்கியது. 1903-இல் பேராரும் சேர்ந்து மாகாணம் பெருத்தது. 1923-இல் பல்கலைக்கழகம், 1936-இல் உயர்நீதிமன்றம். ஹென்றி மெட் வடிவமைத்த உயர்நீதிமன்றக் கட்டடம் 1940-இல் திறக்கப்பட்டது. கோடைக்கு மட்டும் ஆட்சி பச்மரி மலைக்குப் போய்விடும். அப்போது இரண்டாம் தலைநகரம் என்ற இடம் பச்மரியுடையது, நாக்பூர் முதலாவது.

இந்தக் காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியில் சற்று நின்று போக வேண்டும். 1920 டிசம்பரில் காங்கிரஸ் மகாசபை நாக்பூரில் கூடியது. தலைமை வகித்தவர் சேலம் விஜயராகவாச்சாரியார். ஒத்துழையாமைத் தீர்மானம் அங்கே உறுதியானது என்பதைத்தான் பாடநூல்கள் சொல்கின்றன. அதே மாநாட்டில் காங்கிரஸ் தன் அமைப்பு விதிகளை மாற்றி எழுதியது. பிரிட்டிஷ் மாகாண எல்லைகளை விட்டுவிட்டு மொழி வழியாக மாகாணக் கமிட்டிகள் அமைப்பது என்று முடிவு செய்தது. தமிழ்நாடு என்ற பெயரில் தனிக் காங்கிரஸ் மாகாணம் நமக்கு வந்தது அப்படித்தான். நாக்பூருக்கு என்ன வந்தது? மத்திய மாகாணம் காங்கிரஸ் வரைபடத்தில் மூன்றாகப் பிரிந்தது. இந்திப் பகுதிக்கு ஜபல்பூர், மராத்திப் பகுதிக்கு நாக்பூர், பேராருக்கு அமராவதி. இரண்டு மொழிகள் பேசும் ஒரு மாகாணத்தின் தலைநகரில் உட்கார்ந்து, அந்த மாகாணமே நிலைக்க முடியாத ஒரு கொள்கையை நாட்டுக்கு வகுத்துக் கொடுத்தார்கள். முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து அது சட்டமானது.

விடுதலைக்குப் பின் மாகாணம் மத்தியப் பிரதேசம் என்ற பெயர் பெற்றது; முதல்வர் ரவிசங்கர் சுக்லா. இருபத்திரண்டு மாவட்டங்களில் பதினான்கு இந்தி, எட்டு மராத்தி. தலைநகரோ மராத்திப் பக்கம். இந்த ஏற்பாடு நீடிக்காது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஐக்கிய மகாராஷ்டிரம் வேண்டும் என்றவர்களுக்கு அந்த எட்டு மராத்தி மாவட்டங்களான விதர்ப்பம் தேவை. விதர்ப்பத்தின் தலைவர்களில் பலருக்கோ பம்பாயும் புனேயும் தங்களை விழுங்கிவிடும் என்ற அச்சம். பாபுஜி அணே, பிரிஜ்லால் பியாணி போன்றோர் தனி மாநிலமே கேட்டார்கள். அந்த அச்சத்தைத் தணிக்கத்தான் 1953 செப்டம்பர் 28 அன்று நாக்பூர் உடன்படிக்கை கையெழுத்தானது. யஷ்வந்த்ராவ் சவாண், பாவுசாகேப் ஹிரே முதலியோர் மேற்கு மகாராஷ்டிரத்தின் பக்கம், ஆர். கே. பாட்டீல், கோபால்ராவ் கேட்கர் முதலியோர் விதர்ப்பத்தின் பக்கம்.

அந்த உடன்படிக்கையின் பதினொரு கூறுகளில் நமக்கு வேண்டியவை சில. தலைநகர் பம்பாய். உயர்நீதிமன்றத்தின் கிளை ஒன்று நாக்பூரில் அமர வேண்டும். அரசு ஆண்டுதோறும் ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு அதிகாரபூர்வமாக நாக்பூருக்கு மாற வேண்டும், சட்டமன்றத்தின் ஒரு கூட்டத்தொடராவது அங்கே நடக்க வேண்டும். அரசு வேலைகளிலும் வளர்ச்சி நிதியிலும் தொழிற்கல்வியிலும் பங்கு மக்கள்தொகைப்படி இருக்க வேண்டும். கையெழுத்தான மூன்றாம் நாள், சென்னை மாகாணத்திலிருந்து ஆந்திரம் பிரிந்தது. அங்கேயும் 1937-ஆம் ஆண்டின் ஸ்ரீபாக் ஒப்பந்தப்படி ராயலசீமையின் அச்சத்தைத் தணிக்கத் தலைநகரைக் கர்நூலுக்கும் உயர்நீதிமன்றத்தைக் குண்டூருக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். பின்தங்கிய பகுதிக்குத் தலைநகரின் ஒரு துண்டைக் கொடுத்து மனத்தை ஆற்றுவது அன்றைய அரசியலின் வழக்கமான மருந்தாக இருந்தது.

அதன்பின் மாநில மறுசீரமைப்புக்காக வந்த ஃபசல் அலி ஆணையம் 1955-இல் தந்த அறிக்கையில், விதர்ப்பம் தனி மாநிலமாக வேண்டும், தன் காலில் நிற்க அதனால் முடியும் என்றே பரிந்துரைத்தது. அதை தில்லி ஏற்கவில்லை. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கான மக்களோடு டாக்டர் அம்பேத்கர் பௌத்தம் தழுவினார். நாடே அந்த ஊரைத் திரும்பிப் பார்த்த அந்த நாளுக்குப் பின் மூன்று வாரம்கூடப் போகவில்லை. நவம்பர் 1 அன்று நாக்பூர் தலைநகராக இல்லாமல் போனது. மத்தியப் பிரதேசத்தின் தலைநகர் போபால். உயர்நீதிமன்றம் ஜபல்பூர். நாக்பூர் உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்த ஹிதாயதுல்லா அங்கே போனார். செயலக ஊழியர்கள் போபாலுக்கும் பம்பாய்க்குமாகச் சிதறினார்கள். 1960 மே 1 அன்று மகாராஷ்டிரம் பிறந்தபோது நாக்பூர் அதன் இரண்டாம் தலைநகர் ஆனது. அந்த ஆண்டே சட்டமன்றம் அங்கே கூடியது.

இங்கேதான் என் வாதத்தின் மையம் இருக்கிறது. உடன்படிக்கை தந்த வாக்குறுதிகள் எல்லாம் ஒரே தாளில் எழுதப்பட்டவை. ஆனால் அவை ஒரே கதியை அடையவில்லை. உயர்நீதிமன்றக் கிளை 1960 பம்பாய் மறுசீரமைப்புச் சட்டத்தின் 41ஆம் பிரிவில் ஏறியது. மூன்று பேருக்குக் குறையாத நீதிபதிகள் நாக்பூரில் அமர வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. புல்டாணா, அகோலா, அமராவதி, யவத்மால், வர்தா, நாக்பூர், பண்டாரா, சாந்தா, ராஜுரா என்று எந்தெந்த மாவட்டங்களின் வழக்குகள் அங்கே வர வேண்டும் என்றும் பெயர் பெயராகச் சொல்கிறது. எண் இருக்கிறது, எல்லை இருக்கிறது. அதனால் அந்த நீதிமன்றம் ஆண்டு முழுவதும் நடக்கிறது. புல்டாணாவின் ஒரு பருத்தி விவசாயியோ பண்டாராவின் ஒரு நெல் விவசாயியோ அரசின் மீது ரிட் மனு போட மும்பைக்கு வண்டி ஏற வேண்டியதில்லை.

சட்டமன்றக் கூட்டத்தொடருக்கு அப்படி எந்தச் சட்டமும் இல்லை. ‘குறிப்பிட்ட காலம்’ என்று எழுதினார்கள். எவ்வளவு காலம் என்று எழுதவில்லை. அந்த ஓட்டையின் வழியாக நாட்கள் ஒழுகிப் போயின. வாரக்கணக்கில் நடந்த குளிர்காலக் கூட்டத்தொடர் இரண்டு வாரமானது. 2019-இலும் 2024-இலும் டிசம்பர் 16 முதல் 21 வரை ஆறே நாளில் முடிந்தது. கொரோனாவைக் காரணம் காட்டி 2020, 2021 கூட்டத்தொடர்கள் மும்பையிலேயே நடந்தன. அரசே மாற வேண்டும் என்ற வாக்கியம் எப்போதோ மறக்கப்பட்டுவிட்டது. இன்று மாறுவது மந்திரிகளும் கோப்புகளும் ஒரு பகுதி ஊழியர்களும் மட்டுமே, அதுவும் விடுதியில் தங்குவது போல.

அந்தச் சில நாட்கள் எப்படி நடக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். நவம்பர் மாதக் கடைசியில் சிவில் லைன்ஸ் பகுதி முழுக்கச் சுண்ணாம்பு வாசனை. மந்திரிகள் தங்கும் ரவி பவன், நாக் பவன் குடில்களுக்கு வெள்ளையடிப்பார்கள். முதல்வருக்கு ராம்கிரி, சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஆம்தார் நிவாஸ், முதல்வர் அலுவலகத்துக்கு ஐதராபாத் ஹவுஸ். மும்பை மந்திராலயத்திலிருந்து கோப்புகள் லாரிகளில் வரும். பழைய மத்திய மாகாணத்தின் சட்டசபைக் கட்டடம் தூசு தட்டப்பட்டு விதான் பவனாக உயிர் பெறும். தெருவில் இன்னொரு சட்டசபை கூடும். அதைப் பார்த்தால்தான் இந்த ஊரின் இரண்டாம் தலைநகர் வாழ்க்கை விளங்கும். அங்கன்வாடி ஊழியர்கள், நிரந்தரமாக்கப்படாத ஆசிரியர்கள், ஆதிவாசிகள், பருத்திக்கு விலை கேட்பவர்கள், சாதிச் சான்றிதழ் கேட்பவர்கள் யஷ்வந்த் ஸ்டேடியத்தில் திரண்டு ஊர்வலமாக வருவார்கள். மோர்ச்சா என்பார்கள். மோரிஸ் கல்லூரிச் சந்திப்பிலும் டெக்டி சாலையிலும் தடுப்பு வைத்துப் போலீஸ் நிறுத்தும். ஊர்வலம் அங்கேயே தரையில் உட்காரும். ஐந்து பேரை மட்டும் உள்ளே அழைத்துப் போவார்கள், அல்லது ஒரு மந்திரி வெளியே வந்து மனுவை வாங்கிக்கொள்வார். மந்திரி வருகிறாரா இல்லையா என்பதுதான் அன்று முழுவதும் அந்தத் தெருவின் கேள்வி.

கட்சிரோலி காட்டுக் கிராமத்திலிருந்து மும்பை ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர். நாக்பூர் அதில் ஆறில் ஒரு பங்கு தூரம்தான். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, ரொட்டியைத் துணியில் கட்டிக்கொண்டு வந்து, தன்னை ஆளும் மந்திரியை நேரில் பார்க்கலாம் என்ற வாய்ப்பை ஓர் ஏழைக்குத் தருவது சிறிய விஷயம் இல்லை. இரண்டாம் தலைநகரம் வீண் செலவு, சுற்றுலா என்று ஆண்டுதோறும் எழுதும் மும்பை, தில்லிப் பத்திரிகையாளர்களோடு நான் உடன்படாதது இதனால்தான்.

ஆனால் 1994 நவம்பர் 23-ஐ மறக்க முடியாது. கோவாரி சமூகத்தார், மாடு மேய்ப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள், தங்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கக் கேட்டுக் குடும்பம் குடும்பமாக நாக்பூருக்கு வந்தார்கள். கைக்குழந்தைகளோடு தாய்மார்கள் வந்தார்கள். தடுப்புக்கு இப்பால் நாள் முழுக்கக் காத்திருந்தார்கள். மாலையில் நெரிசல் மூண்டது. 114 பேர் மிதிபட்டு இறந்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். சட்டமன்றம் அப்போது கூடியிருந்தது, கூப்பிடு தூரத்தில். ஆண்டில் சில நாட்களே கதவு திறக்கும் என்றால் ஓராண்டின் மனுக்கள் எல்லாம் அந்தச் சில நாட்களில் அந்த ஒரே சாலையில் வந்து நெருங்கும். அந்தச் சாவுகளுக்கு அன்றைய நிர்வாகத்தின் அலட்சியம் காரணம் என்பதில் ஐயமில்லை. காலத்தைச் சுருக்கிய ஏற்பாட்டுக்கும் அதில் பங்கு உண்டு என்பது என் உறுதியான எண்ணம். அவர்கள் நினைவாக ஜீரோ மைல் அருகே ஒரு சின்னம் இருக்கிறது. கோரிக்கையோ 2020 டிசம்பரில் உச்சநீதிமன்றத்தில் தோற்றது.

வளர்ச்சிக் கணக்கிலும் இதே பாடம்தான். 1956-இல் அரசமைப்புச் சட்டத்தின் 371(2)ஆம் பிரிவு விதர்ப்பத்துக்கும் மராத்வாடாவுக்கும் வளர்ச்சி வாரியங்கள் அமைக்க வழி செய்தது. அமைக்கலாம் என்றது, அமைத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. வாரியங்கள் 1994-இல்தான் வந்தன, முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, பொருளியல் அறிஞர் வி. எம். தாண்டேகர் தலைமையிலான குழு, பின்தங்கிய மாவட்டங்களை மாநிலச் சராசரிக்கு உயர்த்த ஏறத்தாழ 3,187 கோடி ரூபாய் பாக்கி என்று கணக்கிட்டிருந்தது. அதில் விதர்ப்பத்தின் பங்கு 39 விழுக்காடு அளவு. வாரியங்களின் ஆயுள் 2020 ஏப்ரலில் முடிந்தது.

விதர்ப்பத்துக்குப் பெரிய பதவிகள் கிடைக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. மாரோத்ராவ் கன்னம்வார், பதினோரு ஆண்டுகளுக்கு மேல் முதல்வராக இருந்த வசந்த்ராவ் நாயக், சுதாகர்ராவ் நாயக், நாக்பூர்க்காரரான தேவேந்திர ஃபட்நவிஸ் எல்லோரும் அந்த மண்ணைச் சேர்ந்தவர்கள். ஆளுக்குப் பஞ்சமில்லை, ஆண்டு முழுவதும் முடிவெடுக்கும் அலுவலகங்கள்தான் அங்கே இல்லை. தனி விதர்ப்பம் என்ற குரல் அதனால்தான் அடங்கி அடங்கி எழுகிறது. 1962-இல் பாபுஜி அணேயையும், 1971-இல் ஜாம்புவந்த்ராவ் தோட்டேயையும் நாக்பூர் மக்கள் அந்தக் குரலுக்காகவே மக்களவைக்கு அனுப்பினார்கள். இப்போது மும்பைக்கும் நாக்பூருக்கும் இடையே 701 கிலோமீட்டர் சம்ருத்தி விரைவுச்சாலை முழுமையாகத் திறந்துவிட்டது. சாலை நன்றாக இருப்பதால் அரசு வரத் தேவையில்லை, நீங்கள் வாருங்கள் என்று யாரேனும் சொல்லத் தொடங்குவார்களோ என்று எனக்குக் கவலை.

பிற ஊர்களைப் பற்றி ஓரிரு சொற்கள். கர்நாடகம் பெலகாவியில் 2012-இல் சுவர்ண விதான சௌதாவைத் திறந்தது. மகாராஷ்டிரம் உரிமை கோரும் ஊர் என்பதால் அங்கே எல்லைத் தாவாதான் முதல் காரணம். இமாசலம் தர்மசாலாவை 2017-இல் இரண்டாம் தலைநகராக அறிவித்தது. உத்தராகண்ட் 2020-இல் கைர்செயினைக் கோடைத் தலைநகர் ஆக்கியது. இவற்றில் எல்லாம் மாளிகை முதலில் வருகிறது, அலுவலர் பிறகு வருவதாகச் சொல்கிறார்கள். ஸ்ரீநகருக்கும் ஜம்முவுக்கும் இடையே டோக்ரா அரசர் காலத்திலிருந்து நடந்துவந்த தர்பார் மாற்றம் மட்டும் வேறு வகை. அங்கே அரை ஆண்டுக்கு அரசு முழுவதும் உண்மையிலேயே இடம் மாறியது.

நம் மாநிலத்திலும் இந்தப் பேச்சு உண்டு. 1983-இல் எம்.ஜி.ஆர். தலைநகரைத் திருச்சிக்கு மாற்ற விரும்பினார்; நடக்கவில்லை. 2004 ஜூலையில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறந்தது. இருபது ஆண்டுகளில் தென் மாவட்ட மக்களுக்கு அந்தக் கிளை செய்த நன்மையை இங்கே இருக்கும் வழக்கறிஞர்கள் என்னைவிட நன்கு அறிவார்கள். மதுரையோ திருச்சியோ இரண்டாம் தலைநகராக வேண்டும் என்ற கோரிக்கை அவ்வப்போது எழுகிறது. அதை எழுப்புவோரிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். ஆண்டுக்கு ஒரு கூட்டத்தொடர் கேட்காதீர்கள். எந்தெந்தத் துறையின் ஆணையர் அலுவலகம் நிரந்தரமாக இங்கே இருக்கும், எத்தனை செயலாளர்கள், எத்தனை நாள், எந்தெந்த மாவட்டக் கோப்புகளுக்கு இங்கேயே கையெழுத்து விழும் என்று எண்ணோடு கேளுங்கள். அந்த எண்ணைச் சட்டத்தில் எழுதச் சொல்லுங்கள். அந்த மசோதாவின் வரைவை எழுத வல்ல சட்ட மாணவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 41ஆம் பிரிவை எடுத்துப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.